‘நிராகரிக்கப்பட்டது’ என்று வந்தால் என்ன செய்வது?

(இந்த மாதப் பாடம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்கவும். நேரம் போதாவிட்டால் இரண்டு கூட்டங்களாகப் பிரித்துப் படிக்கலாம்.)



நம் குழுக்களில் மாற்றுத்திறனாளியாக இருக்கும் உறுப்பினர்கள் பலர் உண்டு. வீட்டில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையோ, கணவரோ, மாமியாரோ இருப்பவர்கள் அதைவிட அதிகம். உதவித்தொகைக்கு மனு போடுகிறோம். சில மாதம் கழித்து போனில் ஒரு குறுஞ்செய்தி வருகிறது: ‘நிராகரிக்கப்பட்டது.’ அத்தோடு பலர் விட்டுவிடுகிறோம். "நமக்கு அதிர்ஷ்டம் இல்ல, விடு" என்று சொல்லிவிடுகிறோம்.

இன்னும் சிலர் விடுவதில்லை. அதே காகிதங்களை எடுத்துக்கொண்டு மறுபடியும் மனு போடுகிறார்கள். அதுவும் திரும்பி வருகிறது. போன கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "மூணு தடவை எழுதிப் போட்டாச்சு மேடம். இன்னும் எத்தனை தடவை போடணும்?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பாடம்.

நாங்கள் செய்த தவறு

முதலில் ஒரு நடந்த கதை. இதில் தவறு என்னுடையதும்தான். அதனால் மறைக்காமல் சொல்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவர் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். 2019-ல் சாரம் சரிந்து கீழே விழுந்தார். இடுப்பும் வலது காலும் பாதிக்கப்பட்டன. அரசு மருத்துவமனையில் 55 சதவீதம் என்று சான்று கொடுத்தார்கள். கொஞ்ச காலம் மகள் பார்த்துக்கொண்டாள். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் வருமானம் இல்லை. 2023 மார்ச்சில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். இ-சேவை மையத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

நிராகரிக்கப்பட்டது. ஆகஸ்ட்டில் மறுபடி போட்டோம். நிராகரிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் மூன்றாவது முறை. அதுவும் போயிற்று.

இந்த மூன்று முறையும் ‘ஏன்?’ என்று நாங்கள் கேட்கவே இல்லை. "ஆபீஸ்ல யாரோ வேணும்னே பண்றாங்க" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். 2024 ஏப்ரலில்தான் காரணம் கேட்டு எழுத்தில் ஒரு மனு கொடுத்தோம். பதில் வந்தது. ஒரே வரி: ‘மனுதாரரின் மாற்றுத்திறனாளி சான்றின் செல்லுபடிக் காலம் முடிவுற்றுள்ளது.’

சான்றை எடுத்துப் பார்த்தேன். அது தற்காலிகச் சான்று. மூன்று வருடத்துக்கு மட்டும். 2022-லேயே முடிந்துவிட்டது. அந்தத் தேதி அதில் அச்சாகித்தான் இருந்தது. 55 என்ற எண்ணைப் பார்த்த நான் அதைப் பார்க்கவில்லை.

பிறகு ஜூனில் மருத்துவமனைக்குப் போய் மறுபரிசோதனை செய்தோம். 50 சதவீதம், நிரந்தரம் என்று சான்று கிடைத்தது. ஜூலையில் மனு போட்டோம். செப்டம்பரில் அனுமதி வந்தது.

முதல் மனு திரும்பியபோதே காரணம் கேட்டிருந்தால் ஒரு வருடம் முன்பே வந்திருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான இந்த மாத ஓய்வூதியத்தை 2023 ஜனவரியில்தான் தமிழ்நாடு அரசு 1000 ரூபாயிலிருந்து 1500 ரூபாயாக உயர்த்தியிருந்தது. 12 மாதத்துக்குக் கணக்குப் போடுங்கள். 18,000 ரூபாய். அனுமதி வந்த பிறகுதான் அவருக்குப் பணம் வந்தது. போன மாதங்களுக்கு வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் அவர் குழுச் சேமிப்பு கட்டவில்லை, கூட்டத்துக்கு வரவில்லை என்று குழுவில் அபராதமும் போட்டிருந்தார்கள்.

அதனால் இந்தப் பாடத்தில் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். மனு திரும்பினால், மறுபடி போடுவதற்கு முன்னால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். எந்த வழியில் போவது என்று அந்தக் காரணம்தான் சொல்லும்.

மறுப்பு எங்கே நடந்தது?

உதவித்தொகை கைக்கு வர இரண்டு கட்டம் உண்டு. முதலில் இது தெளிவாக வேண்டும்.

முதல் கட்டம், மருத்துவச் சான்று. அரசு மருத்துவமனையிலோ முகாமிலோ மருத்துவர் பரிசோதித்து, என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்று எழுதுவது. இதற்கான விண்ணப்பம் இப்போது யூ.டி.ஐ.டி. எனப்படும் தனித்துவ அடையாள அட்டை இணையதளம் வழியாகப் போகிறது.

இரண்டாம் கட்டம், உதவித்தொகை மனு. சான்றை வைத்து அலுவலகத்தில் பணம் கேட்பது. இதிலும் இரண்டு அலுவலகங்கள் உள்ளன.

ஒன்று, வருவாய்த் துறை. இங்கே கொடுப்பது மாத ஓய்வூதியம். இ-சேவையில் பதிந்த மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணைக்குப் போய், சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் முடிவாகிறது. 

இன்னொன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இங்கே கொடுப்பது பராமரிப்பு உதவித்தொகை. 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள், முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்கு இது. அறிவுசார் குறைபாடு உள்ள சின்னப் பிள்ளைக்காகக் கேட்கிற தாய்மார்கள் முதலில் இங்கே விசாரிக்க வேண்டும்.

ஒரே ஆளுக்கு இரண்டு இடத்திலும் பணம் கிடைக்காது. ஒன்று வாங்கினால் மற்றது நிராகரிக்கப்படும். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, ‘தகுதியில்லை’ என்று வந்ததும் எங்குமே கிடைக்காது என்று நினைத்து வீட்டிலிருக்கும் சகோதரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்ய வேண்டியது சரியான அலுவலகத்தில் புதிய மனு. அவ்வளவுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "80 சதவீதம் இருந்தாத்தான் பணம்" என்று சிலர் சொல்வார்கள். இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளிகள் ஓய்வூதியத் திட்டத்துக்குத்தான் 80 சதவீதம். அது மத்திய அரசுத் திட்டம், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தினருக்கு. மாநில அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு 40 சதவீதம். யாராவது சதவீதம் போதாது என்றால், "எந்தத் திட்டத்துக்குங்க?" என்று கேளுங்கள்.

காரணத்தை எப்படி வாங்குவது?

கவுன்டரில் வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். "அது வராதும்மா, போயிட்டு அடுத்த மாசம் வா" என்பார்கள். அதை வைத்து நாம் எதுவும் செய்ய முடியாது. எழுத்தில் கேட்க வேண்டும். இது சலுகை கேட்பது அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4-ன்படி, ஒரு நிர்வாக முடிவினால் பாதிக்கப்படுகிறவருக்கு அந்த முடிவின் காரணத்தைச் சொல்வது அலுவலகத்தின் கடமை. மருத்துவச் சான்று மறுக்கப்பட்டாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளில் இருக்கிறது.

மூன்று படியாகச் செய்யலாம்.

1. முதலில் இ-சேவை மையத்தில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து நிலையைப் பாருங்கள். சில சமயம் காரணம் அதிலேயே இருக்கும். அந்தப் பக்கத்தை அச்சு எடுத்துக்கொள்ளுங்கள்.

2. அதில் இல்லையென்றால், முடிவெடுத்த அலுவலகத்துக்குக் கீழே உள்ள மாதிரி மனுவைக் கொடுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் கொடுக்கலாம். முதலமைச்சரின் உதவி எண் 1100-லும் பதியலாம்.

3. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. கட்டணம் 10 ரூபாய். நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர் என்பதற்குச் சான்று வைத்தால் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையிடலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுதிக்கொள்ள உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை.

மாதிரி மனு

அனுப்புநர்: (பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், முகவரி, போன் எண்)

பெறுநர்: (முடிவெடுத்த அலுவலர், அலுவலகம்)

பொருள்: மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகக் கோருதல் தொடர்பாக.

பார்வை: எனது விண்ணப்ப எண் ........ நாள் ........

ஐயா / அம்மா,

நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன். எனக்கு ...... சதவீதக் குறைபாடு உள்ளது. பார்வையில் கண்ட எனது விண்ணப்பம் ........ அன்று நிராகரிக்கப்பட்டதாக அறிகிறேன். நிராகரித்ததற்கான காரணத்தையும், நிராகரிப்பு உத்தரவின் நகலையும், விசாரணை அறிக்கையின் நகலையும், இந்த முடிவின் மீது யாரிடம், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை, தேதி)

இந்த மனுவில் ‘ஏழ்மையான குடும்பம், கருணை காட்டவும்’ என்றெல்லாம் எழுத வேண்டாம். கேட்பது காரணம். அதை மட்டும் கேட்டால் பதிலும் நேராக வரும்.

காரணம் வந்துவிட்டது. இனி எந்த வழி?

காரணங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அ) காகிதத்தில் குறை: மறு விண்ணப்பம்

சான்று காலாவதி, ஆதாரில் ஒரு பெயர் சான்றில் ஒரு பெயர், பிறந்த தேதி வேறுபாடு, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படவில்லை, ரேஷன் கார்டில் பெயர் இல்லை. இவையெல்லாம் இந்த வகை. இதற்கு மேல்முறையீடு போனால் காலம்தான் வீணாகும். குறையைச் சரிசெய்துவிட்டுப் புதிய மனு போட வேண்டும். சரிசெய்யாமல் நூறு முறை போட்டாலும் அதே பதில்தான்.

புது மனுவோடு, ‘முன்பு இந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது, இப்போது சரிசெய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி எழுதி, பழைய மறுப்பின் நகலையும் வையுங்கள். விசாரிக்க வரும் அலுவலருக்கு அது உதவும்.

தற்காலிகச் சான்று வைத்திருப்பவர்கள் முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். 2024 அக்டோபரில் வந்த விதித் திருத்தத்தின்படி, சான்று விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க 3 மாதம் வரை ஆகலாம். அதே திருத்தத்தில் இன்னொன்றும் உண்டு. சான்றுக்கு இணையத்தில் பதிந்துவிட்டுப் பரிசோதனைக்குப் போகாமல் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தால் அந்த விண்ணப்பம் செயலிழந்துவிடும். "அப்பவே பதிஞ்சுட்டேனே" என்று இருந்துவிடாதீர்கள். பதிந்த எண்ணை எடுத்துப் பாருங்கள்.

ஆ) சதவீதம் குறைவு: மறுமதிப்பீடு அல்லது மருத்துவ மேல்முறையீடு

நம் பகுதியில் ஒரு சகோதரிக்குக் கரும்பு ஆட்டும் மெஷினில் இடது கை விரல்கள் போய்விட்டன. முகாமில் 35 சதவீதம் எழுதினார்கள். 40 இல்லாததால் ஓய்வூதியம் இல்லை. அவருக்குச் சின்ன வயதிலிருந்து காதும் மந்தம். முகாமில் எலும்பு மருத்துவர் மட்டுமே இருந்தார். காதைப் பற்றி இவரும் சொல்லவில்லை. "கைக்குத்தானே போனேன் மேடம், காதை எதுக்குச் சொல்லணும்?" என்றார்.

சொல்ல வேண்டும். ஒருவருக்கு இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் சேர்த்து மதிப்பிட வழி இருக்கிறது. ஆனால் 35-ஐயும் 20-ஐயும் கூட்டி 55 என்று போட மாட்டார்கள். மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலில் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய எண்ணை 90-ல் கழிக்க வேண்டும். மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுக்க வேண்டும். வருவதைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும்.

கை 35, காது 20 என்று வைத்துக்கொள்வோம்.
90 - 35 = 55
55 × 20 = 1100
1100 ÷ 90 = 12 (சுமாராக)
35 + 12 = 47

40-ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கை நாமே போட்டு எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் வாதாட வேண்டாம். எண்ணை முடிவு செய்வது அவர். ஆனால், ‘எனக்குக் கை, காது இரண்டிலும் குறைபாடு உண்டு. இரண்டையும் பரிசோதித்துச் சேர்த்து மதிப்பிடவும்’ என்று எழுதிக் கொடுக்கலாம். காது பரிசோதனைச் சீட்டு, பழைய மருந்துச் சீட்டு, அறுவை சிகிச்சைக் காகிதம் எல்லாவற்றையும் கொண்டுபோக வேண்டும். சான்று வாங்கிய பிறகு நிலைமை மோசமாகியிருந்தாலும் இதே போல மறுமதிப்பீடு கேட்கலாம்.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் குறைவாக எழுதினார்கள், அது சரியில்லை என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59 இதற்கு வழி தருகிறது. மேல்முறையீட்டு அதிகாரியையும் காலக்கெடுவையும் மாநில அரசு நிர்ணயிக்கிறது. அதனால் சான்று கைக்கு வந்த அதே வாரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், ‘பிரிவு 59-ன்படி நான் யாரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும், எத்தனை நாளுக்குள்?’ என்று எழுதிக் கேளுங்கள். நாள் தள்ளிப்போனால் அதுவே காரணமாகிவிடும்.

இன்னும் ஒன்று. 1995-ஆம் வருடச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டத்தில் 21 வகைகள். அரிவாள் அணு இரத்தசோகை, தலசீமியா, ஆட்டிசம், பார்க்கின்சன் நோய், ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் இப்போது உண்டு. பல வருடம் முன்பு ‘உனக்கு வராது’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர் உங்கள் ஊரில் இருந்தால், மறுபடி ஒரு முறை போகச் சொல்லுங்கள்.

இ) விசாரணை தவறு: வருவாய் மேல்முறையீடு

சான்று சரி, சதவீதம் சரி. ஆனால் விசாரணையில், ‘மனுதாரர் அந்த முகவரியில் இல்லை’, ‘மகன் ஆதரவு உள்ளது’, ‘சொத்து உள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. இந்த இடத்தில் மறு விண்ணப்பம் போட்டால் அதே விசாரணை அறிக்கைதான் திரும்ப வரும். வட்டாட்சியரின் முடிவு தவறு என்று வருவாய் கோட்டாட்சியரிடம் அல்லது சார் ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். மறுப்பு கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிடப் பாருங்கள்.

மேல்முறையீட்டில் அழுகையும் கோபமும் வேண்டாம். அவர்கள் எழுதியது எது, உண்மை எது, அதற்கு ஆதாரம் எது என்று வரிசையாக எழுதுங்கள். உதாரணத்துக்கு: ‘விசாரணைக்கு வந்த நாளில் நான் மருத்துவமனையில் இருந்தேன். உள்நோயாளிச் சீட்டு இணைத்துள்ளேன்.’ ‘மகன் பத்து வருடமாகத் தனிக்குடும்பம். அவனது தனி ரேஷன் கார்டு நகல் இணைத்துள்ளேன்.’ ‘என் பெயரில் இருப்பதாகச் சொல்லும் நிலம் கொழுந்தனாருடையது. பட்டா நகல் இணைத்துள்ளேன்.’ கடைசியில், ‘நேரில் மறுவிசாரணை செய்து உத்தரவிடவும்’ என்று முடியுங்கள்.

ஆதாரம் இல்லாததை எழுதவே வேண்டாம். உண்மையில் தகுதி இல்லாதவருக்காகக் குழு மனு எழுதவும் வேண்டாம். மாற்றுத்திறனாளிக்கான பலனை ஏமாற்றிப் பெற்றால் 2 வருடம் வரை சிறையோ, 1 லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2016 சட்டத்தில் பிரிவு 91 இருக்கிறது. ஒருவர் செய்யும் பொய்யால் அடுத்து வருகிற உண்மையான மனுவையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

இதற்கும் மேலே

கோட்டாட்சியரிடமும் நடக்கவில்லை என்றால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். அதற்கும் மேல் நீதிமன்றம் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12-ன்படி பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும். தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கிறது. தேசிய உதவி எண் 15100.

இடைத்தரகரிடம் போகாதீர்கள். "ஐயாயிரம் குடு, முடிச்சுத் தர்றேன்" என்று சொல்கிறவர் பெரும்பாலும் செய்வது, நாம் போடும் அதே மனுவை மறுபடி போடுவதுதான். சான்றின் அசல், ஆதார் அசல் எதையும் யார் கையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

குழு என்ன செய்யலாம்?

ஒருத்தியாக அலைவது கஷ்டம். காலில் பலமில்லாதவரை தாலுகா ஆபீஸ் மாடிப்படியில் மூன்று முறை ஏறி இறங்க வைப்பது பெரிய கொடுமை. அதனால் குழுவாகச் சில வேலைகளை எடுத்துக்கொள்ளலாம்.

1. ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டில், மாற்றுத்திறனாளி உள்ள வீடுகளின் பட்டியல் எழுதவும். பெயர், சான்று எண், சதவீதம், தற்காலிகமா நிரந்தரமா, முடியும் தேதி, மனு எண், மனு நிலை. இத்தனை கட்டம் போதும்.

2. ஆதார், ரேஷன் கார்டு, சான்று, வங்கிப் புத்தகம் நான்கிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கவும். எழுத்துத் தெரிந்த ஒரு உறுப்பினர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும்.

3. அலுவலகத்துக்குப் போகும்போது துணைக்கு ஒருவர் போகவும். பேருந்துச் செலவையும் நகல் எடுக்கும் செலவையும் குழுப் பொது நிதியிலிருந்து கொடுக்கத் தீர்மானம் போடலாம்.

4. மறுப்பு வந்த மனு எதுவாக இருந்தாலும் அடுத்த கூட்டத்திலேயே குழுவில் சொல்லவும். வெட்கப்பட வேண்டியதில்லை. குறை நம்மிடம் என்றால் திருத்துவோம், அவர்களிடம் என்றால் கேட்போம்.

கூடிப் பேச வேண்டிய கேள்விகள்

1. நம் குழுவில் யாருடைய மனுவாவது திரும்பி வந்திருக்கிறதா? காரணம் எழுத்தில் இருக்கிறதா?

2. அந்தக் காரணம் மேலே சொன்ன அ, ஆ, இ மூன்றில் எதில் சேரும்?

3. கூட்டத்துக்கு வராத உறுப்பினர் ஏன் வரவில்லை என்று நாம் கேட்டிருக்கிறோமா, இல்லை நேராக அபராதம்தான் போட்டோமா?

மூன்றாவது கேள்வியை ஏன் வைத்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். ஆரம்பத்தில் சொன்ன அக்காவுக்கு முதல் மாதப் பணம் வந்ததும், அபராதப் பாக்கி 120 ரூபாயை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தார். கூட்டம் அப்போதெல்லாம் ஊக்குநர் வீட்டு மாடியில் நடக்கும். அவர் கீழே திண்ணையிலேயே உட்கார்ந்து பணத்தை மேலே கொடுத்தனுப்பினார். அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. அவர் ஒரு வருடமாக வராததற்குக் காரணம் அந்தப் படிதான். தாலுகா ஆபீஸில் காரணம் கேட்காமல் விட்டோம், நம் குழுவிலும் அவரிடம் காரணம் கேட்கவில்லை. அபராதத்தைத் தள்ளுபடி செய்து தீர்மானம் எழுதினார்கள். இப்போது அந்தக் குழுவின் கூட்டம் அந்தத் திண்ணையில் நடக்கிறது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எல்லாரும் சான்றுகளை எடுத்து வாருங்கள். முடியும் தேதியை முதலில் பார்ப்போம்.